ஆய்வுகூடம் இல்லாத ஊருக்குப் பயிற்சி எதற்கு என்று கேட்டவர்களுக்கு, திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

மருத்துவ ஆய்வுகூடப் பயிற்சி இடங்களைத் தீர்மானிக்கும் அதிகாரிகளுக்கு,

மரபியல் ஆய்வுகூடப் பயிற்சிக்கு நான் அனுப்பிய விண்ணப்பம் போன மாதம் திரும்பி வந்தது. இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் காரணம் சொல்லவில்லை. இம்முறை சொல்லியிருக்கிறீர்கள். விண்ணப்பதாரி கடமையாற்றும் வைத்தியசாலையில் மரபியல் ஆய்வுகூடம் இல்லாதபடியால் இப்பயிற்சி அவருக்குப் பொருத்தமற்றது என்று ஒரே வரி.

அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மடல். ஏனென்றால் இரண்டு வருடத்துக்கு முன்பு, எங்கள் மாவட்டத்துக்குச் சிறியதாக ஒரு மரபியல் பிரிவாவது வேண்டும் என்று வைத்தியர்கள் சிலர் எழுதிக் கேட்டபோது வந்த பதில் என்ன தெரியுமா? பயிற்சி பெற்ற ஆளணி இல்லை என்பதுதான். ஆள் இல்லாததால் ஆய்வுகூடம் இல்லை, ஆய்வுகூடம் இல்லாததால் ஆளுக்குப் பயிற்சி இல்லை. பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் நடக்கும், கல்யாணம் நடந்தால் பைத்தியம் தெளியும் என்று ஊரில் சொல்வார்களே, அதே சுற்றுக்குள் ஒரு மாவட்டத்தையே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்.

நான் ஒன்பது வருடமாக இந்த மாவட்டத்து அரச வைத்தியசாலை ஒன்றில் எம்.எல்.ரி., அதாவது மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்தில் படித்தேன். ஒரு நாளைக்கு எங்கள் யன்னலுக்கு எத்தனை மாதிரி வருகிறது, எத்தனை பேர் நின்று வேலை செய்கிறோம் என்பதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கும். அதை விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு குழந்தையின் குருதியைப் பற்றிச் சொல்கிறேன்.

மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த இளம் தாய். குழந்தைக்கு மூன்று மாதம். டவுன் நோய்க்குறியாக இருக்கலாம் என்று குழந்தை வைத்தியருக்குச் சந்தேகம், நிறமூர்த்தப் பரிசோதனைக்கு, அதாவது கலத்துக்குள் மரபுச் செய்தியைக் காவுகிற குரோமோசோம் இழைகளை எண்ணிப் பார்க்கிற பரிசோதனைக்கு எழுதிவிட்டார். பச்சை மூடி போட்ட ஹெப்பரின் ரியூப்பில் இரண்டு மில்லிலீற்றர் குருதி எடுத்தேன். இந்தப் பரிசோதனைக்கு உயிரோடு இருக்கிற கலங்கள் வேண்டும். சீனிக்கோ கொழுப்புக்கோ எடுக்கிற குருதி போல இதை நினைக்க முடியாது. ஊதா மூடி ரியூப்பில் எடுத்தால் டி.என்.ஏ. பிரிக்கலாம், கலம் வளர்க்க அது சரிவராது. ஐஸில் உறைந்தாலும் கலங்கள் செத்துவிடும், பஸ்ஸில் வெயில் பட்டுச் சூடானாலும் செத்துவிடும். ஒன்றிரண்டு நாளுக்குள் கொழும்புக்குப் போய்ச் சேர வேண்டும். இங்கிருந்து கொழும்பு 260 கிலோமீற்றர் அளவு.

அன்று வெள்ளிக்கிழமை. இரவு பஸ்ஸில் போன பெட்டி சனிக்கிழமை விடியப் போய்ச் சேர்ந்தது. திங்கள்வரை அதைத் திறக்க ஆள் இல்லை. இரண்டு கிழமை கழித்து ஒரு துண்டு வந்தது: கலங்கள் வளரவில்லை, மாதிரியைத் திரும்ப அனுப்பவும். இதில் பிழை யாருடையது என்று நான் தேடவில்லை. இந்தப் பரிசோதனைக்கு வெள்ளிக்கிழமை குருதி எடுக்கக்கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

இரண்டாவது தடவை குழந்தையின் தகப்பனே கொண்டுபோனார். கடலுக்குப் போகிற மனிதர். ரியூப்பைப் பஞ்சில் சுற்றி, சின்ன ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து, கப்பல்துறை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று விடிய விடிய மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். ஒரு இடத்திலும் இறங்கித் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லையாம், பெட்டியைச் சீற்றில் வைத்துவிட்டு இறங்கப் பயம். இம்முறை கலங்கள் வளர்ந்தன. முடிவு வர வாரக்கணக்கானது. குழந்தையின் 21 ஆம் நிறமூர்த்தங்களில் ஒன்று 14 ஆம் நிறமூர்த்தத்தோடு ஒட்டியிருந்தது. அப்படியென்றால் அது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம், தாய் தகப்பன் இருவரையும் பரிசோதிக்க வேண்டும். திரும்பவும் குருதி, திரும்பவும் பஸ், திரும்பவும் காத்திருப்பு.

கடைசியில் அந்தத் தாய் தன் ரிப்போட்டோடு என் யன்னலுக்கு வந்தாள். ஆங்கிலத்தில் இருந்தது. அவளுக்கு எண் மட்டும் விளங்கியிருக்கிறது. 45 என்று இருந்தது.

“மிஸ், எல்லாருக்கும் நாப்பத்தாறாம். எனக்கு ஒண்டு குறைவா இரிக்கு. நான் வருத்தக்காரியா?”

நான் வெளியே வந்து வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். கையில் இருந்த கோஸ் துணியை இரண்டு துண்டாகக் கிழித்துக் காட்டினேன். பிறகு இரண்டையும் முடிந்தேன். “இப்ப எண்ணுங்க, ஒண்டுதானே? துணி குறைஞ்சு போச்சா?” என்று கேட்டேன். அவள் முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். “இல்லை” என்றாள். உங்களுக்கு ஒரு குறையும் இல்லை, இரண்டு சேர்ந்து ஒன்றாக நிற்கிறது, அதனால் உங்களுக்கு வருத்தம் வராது என்று சொன்னேன். அந்த முடிச்சுத் துணியை அவள் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம்.

21 தனியாக ஒன்று கூடி நிற்கிற சாதாரண வகை டவுன் என்றால் அந்த வயதுத் தாய்க்கு அடுத்த பிள்ளையும் அப்படிப் பிறக்கிற வாய்ப்பு நூற்றில் ஒன்று அளவுதான். தாய் இப்படிப்பட்ட காவியாக, அதாவது தனக்கு வருத்தம் இல்லாமல் பிள்ளைக்குக் கடத்தக்கூடியவளாக இருந்தால் அது நூற்றில் பத்திலிருந்து பதினைந்துவரை போகும். இந்த வித்தியாசத்தை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நுணுக்குக்காட்டியின் கீழ் நிறமூர்த்தங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தவர் மட்டுமே சொல்லலாம். அடுத்த பிள்ளையைப் பற்றி யோசிக்க முன்பே அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. ஒரு வெள்ளிக்கிழமையாலும் ஒரு துண்டுக் கடிதத்தாலும் பிந்திப்போனது. இரண்டாவது பிள்ளை சுகமாகப் பிறந்தான், அல்லாஹ் காப்பாற்றினான் என்று அவள் சொல்கிறாள். ஆனால் மிச்ச மாதங்களை அவள் எப்படிக் கழித்தாள் என்று நான் கிளினிக் நாட்களில் பார்த்தேன்.

அன்று அவள் இன்னொன்றும் கேட்டாள். “அப்ப எங்கட தங்கச்சிக்கும் இரிக்குமா மிஸ்?” சரியான கேள்வி. அந்த நிறமூர்த்தம் அவளுடைய தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வந்திருந்தால் தங்கைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அவளில்தான் புதிதாகத் தோன்றியது என்றால் தங்கை பயப்படத் தேவையில்லை. இதைப் புத்தகத்தில் வாசித்து வைத்திருந்தேன். ஆனால் ஒரு குடும்பத்துக்கு வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பயிற்சியும் இல்லை, அதிகாரமும் இல்லை. டொக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். மூன்றாவது விண்ணப்பத்தை எழுதியது அந்த இரவில்தான்.

இனி உங்கள் வரிக்கு வருகிறேன்.

ஆய்வுகூடம் இல்லை என்கிறீர்கள். எது ஆய்வுகூடம் என்று நான் கொஞ்சம் நேரில் பார்த்திருக்கிறேன். போன வருடம் என் சொந்த லீவில், சொந்தச் செலவில், கொழும்பில் ஒரு மரபியல் ஆய்வுகூடத்தில் இரண்டு கிழமை நின்று பார்த்தேன். அவர்கள் அனுமதித்தார்கள், அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. அங்கே ஒரு மூத்த விஞ்ஞானி, நாங்கள் எல்லாரும் மிஸ் என்று கூப்பிடுவோம், என்னைப் பக்கத்தில் நிறுத்தி ஆரம்பத்திலிருந்து காட்டினார். குருதியை வளர்ப்பு ஊடகத்தில் விட்டு, சிவப்பு அவரை விதையிலிருந்து எடுக்கிற ஒரு புரதத்தைச் சேர்த்தால் தூங்கிக் கிடக்கிற வெண்குழியங்கள் பிரியத் தொடங்கும். 37 பாகை வெப்பத்தில் 72 மணித்தியாலம். பிரிகிற நடுவில், நிறமூர்த்தங்கள் தடித்துத் தெளிவாக நிற்கிற கட்டத்தில், ஒரு மருந்தைப் போட்டு நிறுத்த வேண்டும். பிறகு உப்புக் குறைந்த நீர்மத்தில் கலங்களை ஊதவைத்து, மெதனோலும் அசற்றிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று சேர்த்த கலவையில் பதப்படுத்தி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட வேண்டும்.

அந்த ஒரு சொட்டில்தான் எல்லாம். காற்றில் ஈரம் கூடினால் ஒரு மாதிரி விரியும், குறைந்தால் இன்னொரு மாதிரி. வேகமாகக் காய்ந்தால் நிறமூர்த்தங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும், எண்ண முடியாது. மெதுவாகக் காய்ந்தால் சிதறி, எது எந்தக் கலத்தினுடையது என்று தெரியாமல் போகும். மிஸ் தகட்டுக்கு மேலே ஒருதரம் வாயால் ஊதிவிட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, “இது சரி” என்றார். நான் விட்ட முதல் பதினொரு தகட்டில் ஒன்றுகூடச் சரிவரவில்லை. பன்னிரண்டாவது கொஞ்சம் பரவாயில்லை. பிறகு சாயமிட்டுப் பட்டைகளைப் பார்த்து, 21 எது, 22 எது, எக்ஸ் எது, 8 எது என்று பிரிக்க வேண்டும். எக்ஸையும் 8 ஐயும் நான் இரண்டு கிழமையிலும் மாறிமாறிப் பிழையாகவே வைத்தேன். இது சொல்லித் தந்து, திருத்தி, நூற்றுக்கணக்கான கலங்களைப் பார்த்து வருகிற கை, கண். இரண்டு கிழமை லீவில் வராது.

மனிதனுக்கு 46 நிறமூர்த்தம் என்று உலகம் சரியாக எண்ணியது 1956 இல். டவுன் நோய்க்குறிக்குக் காரணம் ஒரு மேலதிக 21 என்று கண்டது 1959 இல். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு தொடங்கியது 1983 இல். எதுவும் நேற்று வந்த விஞ்ஞானம் இல்லை. எங்கள் கரைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அங்கே நின்று பார்த்ததில் எனக்கு ஒன்று நன்றாக விளங்கியது, அதை நீங்கள் கவனிக்க வேண்டும். பதப்படுத்திய கலங்கள் அவசரப்படாது. அந்த மெதனோல் கலவைக்குள் போன பிறகு குளிரூட்டியில் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். எங்களிடம் கலம் வளர்க்க ஒதுக்கிய ஓர் அடைகாப்புப் பெட்டியும், பாதுகாப்பு அலுமாரி ஒன்றும், இருக்கிற மையநீக்கியும், பழகிய ஒரு கையும் இருந்தால், முதல் 72 மணித்தியாலத்தை இங்கேயே முடிக்கலாம். உயிருள்ள குருதியைச் சாகவிடாமல் பஸ்ஸில் ஓட்டத் தேவையில்லை. பதப்படுத்திய கலங்களை எந்த நாளிலும் ஆறுதலாக அனுப்பலாம். டி.என்.ஏ. பரிசோதனைகளுக்கும் இதே கதைதான், இங்கே பிரித்தெடுத்து உறையவைத்து அனுப்பலாம். கோடிக்கணக்கில் இயந்திரம் கேட்டு நான் எழுதவில்லை. அந்தக் கையைத்தான் கேட்கிறேன். நீங்கள் மறுத்ததும் அதைத்தான்.

கிண்ணியாவுக்கு 2009 இல் 396 மீற்றர் நீளத்தில் பாலம் திறந்தார்கள். அதுவரை சனம் பாதையில்தான், அதாவது ஆட்களை ஏற்றி இறக்குகிற மிதவைப் படகில்தான் கடந்தது. பாலம் இல்லாத ஊருக்கு வீதி எதற்கு என்று அன்று ஒருவர் கோப்பில் எழுதியிருந்தால் இன்றும் நாங்கள் பாதைக்குத்தான் வரிசையில் நிற்போம்.

இன்னொரு விஷயம், இது கொழும்பில் இருந்து பார்த்தால் தெரியாது. மரபியல் பரிசோதனைக்கு அனுப்பும்போது மூன்று தலைமுறைக் குடும்ப விபரத்தை வரைந்து அனுப்ப வேண்டும். எங்கள் சனத்திடம் அதைத் தமிழில் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், கேட்டதை விளங்கவும் வேண்டும். தசை தேய்கிற டூசென் நோய் உள்ள ஒரு குடும்பத்தில், கலியாணம் செய்யப்போகும் ஒரு பெண் “அண்ணனுக்கு இந்த வருத்தம் இருந்தது” என்று சொல்லியிருக்கிறாள். படிவத்தில் உடன்பிறந்த சகோதரன் என்று எழுதி அனுப்பப்பட்டிருந்தது. நான் தற்செயலாகப் பார்த்துத் திரும்பக் கேட்டேன். “எந்த அண்ணன், பிள்ளை?” என்று. அவள் சொன்னது பெரியப்பாவின் மகனை, அப்பாவின் தமையன் மகனை.

எங்கள் ஊரில் பெரியப்பா மகனும் அண்ணன், பெரியம்மா மகனும் அண்ணன், கூடப் பிறந்தவனும் அண்ணன். நமக்கு அது உறவின் அழகு. ஆனால் இந்த நோய் தாய்வழியே எக்ஸ் நிறமூர்த்தத்தில் வருவது. கூடப் பிறந்த அண்ணன் என்றால், தாய் காவியாக இருக்கும்போது இவளும் காவியாக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. தாயின் தமக்கை மகன் என்றால், அம்மம்மா காவியாக இருக்கும்போது இவளுக்கு நாலில் ஒன்று. அப்பாவின் தமையன் மகன் என்றால், சொந்தத்துக்குள் கலியாணம் நடந்திராவிட்டால், இவளுக்கு அந்த வழியால் ஒன்றுமே இல்லை. ஒரு சொல், மூன்று விடை. அந்தப் பெண்ணின் கலியாணப் பேச்சு அந்தச் சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. மச்சான் முறையில் கட்டியவர்கள் நிறைய இருக்கிற மாவட்டம் இது, தமிழரும் முஸ்லிம்களும். யார் யாருக்கு என்ன முறை என்று கூச்சப்படுத்தாமல் கேட்டு, சரியாக வரையத் தெரிந்த ஒருவர் இங்கே இருக்க வேண்டுமா இல்லையா? கந்தளாயிலும் சேருவிலவிலும் இருந்து வருகிற சிங்களக் குடும்பங்களுக்கும் இதே தேவை இருக்கிறது, அவர்களும் எங்கள் யன்னலுக்குத்தான் வருகிறார்கள்.

பரம்பரையாக வருகிற குருதி நோயான தலசீமியாவைப் பற்றி நீளமாக எழுதவில்லை, உங்களுக்குத் தெரியாதது அல்ல. குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் நல்ல வேலை செய்கிறது. ஆனால் அங்கே போகவேண்டியவர்களை முதலில் யாராவது இனங்காண வேண்டும். செங்குழியம் சிறுத்து, எண்ணிக்கை மட்டும் கூடி நிற்கிற கர்ப்பிணிக்கு, தலசீமியாக் காவியா என்று பாராமல், இரும்புக் குளிசையை மாதக்கணக்கில் கூட்டிக் கொடுத்ததை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பார்த்திருக்கிறேன். தாய் தகப்பன் இருவரும் காவிகளென்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு.

வேறு நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள் என்றும் தேடிப் பார்த்தேன். இங்கிலாந்தில் மருத்துவ விஞ்ஞானியாக வருவதற்கு மூன்று வருடப் பயிற்சி. சம்பளத்தோடு, வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டே, பக்கத்தில் முதுமாணிப் படிப்பும். முதல் வருடம் பல பிரிவுகளில் சுற்றிவருகிறார்கள். குருதியில் கண்ட மாற்றம் நோய்க்குக் காரணமா, இல்லையா, இன்னும் சொல்ல முடியாததா என்று தரம்பிரித்து ரிப்போட் எழுதப் பழகுகிறார்கள். முடித்துப் பதிவுசெய்தால்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளச் சட்டம் விடும். அங்கேயும் எல்லா ஊரிலும் பெரிய மரபியல் ஆய்வுகூடம் இல்லை. இங்கிலாந்து முழுவதுக்கும் ஏழு மையங்களாகத்தான் பிரித்திருக்கிறார்கள், மற்ற ஊர்களிலிருந்து மாதிரிகள் போகின்றன. பெரிய இயந்திரம் ஒரு ஊரில் இருப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. அறிவும் அந்த ஒரு ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

நேர்முகத் தேர்வில் ஒருவர் என்னிடம் கேட்டார், பயிற்சி தந்தால் வெளிநாடு போய்விடமாட்டீர்களா என்று. நியாயமான கேள்விதான். 2022 க்குப் பிறகு என்னோடு வேலை செய்தவர்கள் சிலர் போய்விட்டார்கள், அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். என் அம்மா உப்புவெளியில் இருக்கிறார், என் பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள். அதை நம்பத் தேவையில்லை, ஒப்பந்தம் எழுதுங்கள். பயிற்சிக்காலம் போல இரண்டு மடங்கு வருடம் இந்த மாவட்டத்தில் வேலை செய்கிறேன் என்று கையெழுத்து வைக்கிறேன்.

இப்போது உங்களிடம் கேட்பது இவைதான்.

கடமையாற்றும் வைத்தியசாலையில் ஏற்கெனவே ஆய்வுகூடம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்குங்கள். அது நிற்கும்வரை இடங்கள் எல்லாம் ஏற்கெனவே வசதி உள்ள நகரங்களுக்கே போகும். அடுத்த தொகுதியில் கிழக்கு மாகாணத்துக்குக் குறைந்தது இரண்டு இடம் ஒதுக்குங்கள். அந்த இரண்டில் நான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ என்னைவிடத் தகுதியான ஒருவர் இருந்தால் அவருக்குக் கொடுங்கள், ஆனால் கொடுங்கள்.

பயிற்சியை இரண்டு கிழமை, ஒரு மாதம் என்று சான்றிதழுக்காக நடத்தாமல், சம்பளத்தோடு, ஆய்வுகூடத்திலேயே நின்று பழகுகிற முழுப் பயிற்சியாக வையுங்கள். முடித்து வருபவருக்கு என்ன பதவி, எந்த வேலை, எந்த ரிப்போட்டில் கையெழுத்திடலாம் என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் மூன்று வருடம் படித்தவர் திரும்பி வந்து பழைய யன்னலிலேயே குருதி எடுத்துக்கொண்டிருப்பார்.

அதுவரைக்கும் காசு அதிகம் செலவாகாத ஒன்றைச் செய்யலாம். எந்தப் பரிசோதனைக்கு எந்த மூடி ரியூப், எந்த நாட்களில் எடுக்கலாம், எப்படிப் பொதிசெய்வது என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கச் சுற்றறிக்கை எல்லா வைத்தியசாலைக்கும் அனுப்புங்கள். குடும்ப விபரப் படிவத்தில் உறவுமுறையைத் தாய்வழி, தகப்பன்வழி என்று பிரித்துக் கேட்கிற ஒரு தமிழ்ப் படிவமும் வேண்டும். அதை வரைந்து தர நான் தயார், சம்பளம் எதுவும் தேவையில்லை.

என் விண்ணப்பத்தைத் திரும்பப் பரிசீலித்து, முடிவு எதுவானாலும் காரணத்தோடு இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். அந்தப் பதிலைத் தமிழில் எழுதுங்கள். அந்தத் தாய் ஒவ்வொரு கிளினிக் நாளும் என் யன்னலுக்கு வந்து, தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்கிறாள்.

இப்படிக்கு,
மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் ஒருவர்,
திருகோணமலை.